முதலில் மண்ணில் செய்து பார்ப்போம்



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் குழுச் சேமிப்புக் கணக்கை எப்படி எழுதி வைப்பது என்று பார்த்தோம். இந்த மாதம் ஒரு கைத்தொழிலைப் பற்றிச் சொல்லப் போகிறேன். மரச் செதுக்கு வேலை. "அது ஆம்பிளைகளின் வேலையாச்சே" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உளி பிடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு வேண்டியவை களிமண்ணும், கடைக்காரர் வீசி விடும் ரெஜிபோம் பெட்டியும், கொஞ்சம் பொறுமையும். ஒரு நல்ல பலாப் பலகையைப் பாழாக்கிய பிறகுதான் நான் இதைக் கற்றுக் கொண்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

உடைந்த மயில்

பசறைக்கு அப்பால், நமுனுகுல மலை தெரியும் ஒரு தோட்டத்தில் எங்களுடைய பெண்கள் குழு ஒன்று இருக்கிறது. பதினொரு பேர். சிலர் கொழுந்து எடுப்பவர்கள். சிலருக்குத் தோட்டத்தில் பெயர் பதிவு இல்லை. அப்படிப் பதிவில்லாதவர்களில் ஒருவரை நான் இங்கே அக்கா என்றே குறிப்பிடுகிறேன். அவர் பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்தில்தான். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் பதுளை நகரமும் எரிந்தபோது, அவருடைய தாய் தகப்பன் கைக்குழந்தையாக இருந்த அவரைத் தூக்கிக் கொண்டு வவுனியாப் பக்கம் போனார்கள். மலையகத்திலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் எத்தனையோ. அங்கே வளர்ந்து, கலியாணம் முடித்து, 2009ஆம் ஆண்டு கடைசி யுத்தத்தில் கணவரை இழந்து, முகாமில் இருந்து, பிறகு இரண்டு பிள்ளைகளோடு அண்ணனின் லயக் காம்பிராவுக்கே திரும்பி வந்தவர் அவர். ஷெல் துண்டு பட்ட இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது.

எங்களுக்குச் செதுக்கு வேலை சொல்லித் தருபவர் பதுளையில் தளபாடக் கடைகளுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு சிங்களப் பெரியவர். எல்லோரும் அவரை பாஸ் என்றே கூப்பிடுவோம். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். எங்கள் பெண்களுக்குச் சிங்களம் கொஞ்சம் வரும். மீதியைக் கை பேசி விடும்.

தோட்டத்து முருகன் கோயில் கமிட்டி ஒரு வேலை கொடுத்தது. வாசல் நிலைக்கு மேலே வைக்க ஒரு மயில் பலகை. மூன்று அடி நீளம், ஒரு அடி உயரம், மூன்று அங்குலம் தடிப்பு. குழுவின் ஐந்து மாதச் சேமிப்பில் பலாப் பலகை வாங்கினோம். அந்த வாரம் பாஸுக்குச் சுகமில்லை. "நான் வரும் வரை மரத்தில் கை வைக்க வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கோ வருட முடிவு அறிக்கைக்குப் படங்கள் அனுப்ப வேண்டிய அவசரம். "பலகையில் மயிலைக் கீறியாச்சுதானே, ஆரம்பிப்போம்" என்று சொன்னது நான்.

ஒன்பதாம் நாள் மயிலின் கழுத்து முறிந்தது. சுற்றியுள்ள மரத்தையெல்லாம் ஊடாக வெட்டி எடுத்த பிறகு, கழுத்து மட்டும் மெல்லிசாக நிமிர்ந்து நின்றது. ஒரு சின்னத் தட்டு. டக்கென்று போய் விட்டது. அந்த நேரம் கொட்டாப்புளியைப் பிடித்திருந்தவர் அக்கா.

யாரும் அவரை ஏசவில்லை. ஆனால் "அந்தக் கையால தொட்டா இப்படித்தான்" என்று பின்னால் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். உளியைத் துடைத்து வைத்து விட்டு எழுந்து போனார். மூன்று கிழமை வரவில்லை. அவசரப்படுத்தியது நான் என்று அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சமூகவியல் படித்து, பங்கேற்பு பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான்.

பாஸ் கேட்ட கேள்வி

பாஸ் திரும்பி வந்ததும் முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். கோபப்படவில்லை. முறிந்த இடத்தை எங்களுக்குக் காட்டினார். மரத்தின் நார் பலகையின் நீளத்துக்கு, இடமிருந்து வலமாக ஓடுகிறது. மயிலின் கழுத்தோ கீழிருந்து மேலாக நிற்கிறது. நாருக்குக் குறுக்கே நிற்கும் மெல்லிய துண்டு, பிஸ்கட்டைப் போல உடையும். "யார் அடித்தாலும் உடைந்திருக்கும்" என்றார். பிறகு கேட்டார்: "மண்ணில் செய்து பார்த்தீர்களா?"

அந்தப் பதிலை எடுத்துக் கொண்டு நான் நேராக அக்காவின் லயத்துக்குப் போனேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து ரொட்டிக்கு மா பிசைந்து கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். அவர் அதற்கு ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மாவில் ஒரு உருண்டையைக் கிள்ளி, நீட்டி, பின்பக்கமாக வளைத்து முதுகோடு ஒட்டினார். கோழி தன் இறகைக் கோதும் சாயலில் ஒரு பறவை.

"இப்படித் திரும்பிப் பாத்தா ஒடையாதுதானே மிஸ்?"

கழுத்து இப்போது படுத்திருந்தது. நார் ஓடும் பக்கமே ஓடியது. அலகு முதுகைத் தொட்டுக் கொண்டிருந்ததால் தாங்கலும் இருந்தது. மூன்று கிழமையாக எங்களுக்குப் பிடிபடாத விடை ரொட்டி மாவில் வந்து விட்டது.

அடுத்த கூட்டத்தில், அவசரப்படுத்தியது நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அக்கா மீண்டும் வரத் தொடங்கினார்.

ஏன் மாதிரி உரு?

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். மண்ணில் குரங்கு வந்தால் பிசைந்து மறுபடியும் பிள்ளையார் பிடிக்கலாம். மரத்தில் வந்த குரங்கு குரங்குதான். மண் வேலை கூட்டவும் குறைக்கவும் இடம் கொடுக்கும். மர வேலையில் குறைக்க மட்டுமே முடியும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மறுபடி தளிர்க்கும். வெட்டிய பலகை தளிர்க்காது.

ஆகவே யோசிக்கிற வேலையை மண்ணில் முடித்து விட வேண்டும். எது நிற்க வேண்டும், எது போக வேண்டும், எது முன்னால், எது பின்னால் என்ற முடிவுகளை மண்ணில் எடுத்தால், பிழைக்கு விலை இல்லை. அதே முடிவுகளை மரத்தில் எடுத்தால், ஒவ்வொரு பிழைக்கும் நாலு நாள் பேர் போகும்.

பெரிய சிற்பிகளும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். இத்தாலியின் மைக்கேல் ஆஞ்சலோ பளிங்கில் கை வைப்பதற்கு முன் மெழுகிலும் களிமண்ணிலும் சின்ன உருக்கள் செய்து பார்த்தார். அவற்றில் சில புளோரன்ஸ் நகரில் அவருடைய குடும்ப வீடாக இருந்த நூதனசாலையில் இன்றும் உள்ளன. அவருடைய வாழ்க்கையை 16ஆம் நூற்றாண்டில் எழுதிய வசாரி, ஒரு வழியையும் சொல்லியிருக்கிறார். மெழுகு உருவை ஒரு தண்ணீர்த் தொட்டியில் படுக்க வைத்து, மெல்ல மெல்லத் தூக்குவது. முதலில் தண்ணீருக்கு மேலே தெரிவது எதுவோ, கல்லில் முதலில் வெளிப்பட வேண்டியதும் அது. பிறகு அடுத்தது. நாங்கள் இதைப் பிள்ளை குளிப்பாட்டும் பேசினில் செய்து பார்த்தோம். பச்சை மண் தண்ணீரில் கரையும் என்பதால், மெழுகுதிரித் துண்டுகளை உருக்கி ஒரு மயில் செய்தோம். மெழுகு மிதக்கும். ஆகவே அதை ஒரு சட்டியின் மேல் ஒட்டித் தண்ணீருக்குள் வைத்தோம். முதுகு முதலில் வந்தது. பிறகு கழுத்து. பிறகு தோகை. கடைசியில் கால். செதுக்க வேண்டிய ஒழுங்கு எல்லோருக்கும் விளங்கி விட்டது.

களிமண் வேலை: படிப்படியாக

மண் எடுக்கும் இடம்: வயல் ஓரத்து மண், குயவர் பாவிக்கும் மண் இரண்டும் நல்லவை. லயத்துக்குப் பின்னால் உள்ள மலைச் சரிவைத் தோண்டாதீர்கள். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை ஊவாவில் யாரும் மறக்க மாட்டோம். சரிவின் அடியில் ஒரு வாளி மண்கூட எடுக்க வேண்டாம்.

மண்ணைப் பதப்படுத்தல்: காய வைத்து, உடைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, தண்ணீரில் ஊற விடுங்கள். பழைய சேலைத் துணியால் வடித்து, தெளிந்த தண்ணீரை மேலாக ஊற்றி விட்டு, அடியில் தங்கிய மண்ணை ரொட்டி மாப் பதத்துக்கு வரும் வரை உலர விடுங்கள். பிறகு நன்றாகப் பிசையுங்கள். விரலில் ஒட்டக் கூடாது, வளைத்தால் வெடிக்கக் கூடாது.

சட்டம்: இது முக்கியம். மரத்தின் அளவுக்குப் பொருந்திய ஒரு சட்டத்துக்குள் மண்ணை நிரப்புங்கள். எங்கள் பலகை மூன்று அடிக்கு ஒரு அடி, தடிப்பு மூன்று அங்குலம். மூன்றில் ஒன்றாக மாதிரி செய்தோம். ஆகவே ஒரு அடி நீளம், நாலு அங்குலம் உயரம், ஒரு அங்குலம் தடிப்பு. நாலு மெல்லிய கட்டைகளை ஆணி அடித்துச் சட்டமாக்கி, அதற்குள் மண்ணை அமுக்கினோம். சட்டத்துக்கு வெளியே அலகும் வர முடியாது, தோகையும் வர முடியாது. மரத்தில் இடம் இல்லாத ஒன்றை மண்ணில் ஆசைப்பட்டுச் செய்து விட்டு, பிறகு முழிக்கும் நிலை வராது.

ஈரம்: வேலை முடியாத நேரத்தில் ஈரத் துணி போட்டு, மேலே பொலித்தீன் சுற்றி வையுங்கள். காய்ந்த மண் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கக் கூடும். ஆகவே அளவுகளைப் பச்சையாக இருக்கும் போதே எடுத்து விடுங்கள்.

மண் சொல்லாத ஒன்று

களிமண்ணுக்கு நார் இல்லை. எந்தப் பக்கம் வளைத்தாலும் நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் மண் நம்மை ஏமாற்றும். மண்ணில் அழகாக நிமிர்ந்து நிற்கும் கழுத்தை மரம் தாங்காது.

இதற்கு பாஸ் ஒரு வழி சொல்லித் தந்தார். மாதிரி உரு முடிந்ததும் பழைய சீப்பை எடுத்து, மரத்தில் நார் ஓடும் பக்கமே உரு முழுவதும் மெல்லக் கோடு இழுங்கள். பிறகு ஒவ்வொரு மெல்லிய பாகத்தையும் பாருங்கள். கோடு அந்தப் பாகத்தின் நீளத்துக்கு ஓடினால் பயமில்லை. குறுக்கே ஓடினால் அது உடையும் இடம். அந்த இடத்துக்கு மூன்று வழி உண்டு. தடிப்பாக்கலாம். பக்கத்தில் உள்ள ஒன்றோடு ஒட்ட வைக்கலாம். இல்லாவிட்டால் தனித் துண்டாக, அதற்கேற்ற நார்ப் பக்கம் பார்த்துச் செதுக்கிப் பிறகு பொருத்தலாம்.

எங்கள் மயிலுக்கு அருகில் ஒரு வேலும் வேண்டும் என்று கமிட்டி கேட்டது. வேல் நிமிர்ந்து நிற்க வேண்டியது, மெல்லியது. சீப்புக் கோடு போட்டதுமே அது குறுக்கே விழுவது தெரிந்து விட்டது. ஆகவே வேலைத் தனியாக, நார் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு துண்டில் செய்து, பலகையில் குழி வெட்டிப் பதித்தோம்.

கண்டி மாவட்டத்து எம்பெக்க தேவாலயத்துக்குக் குழுவோடு போயிருந்தபோது இதே கண்ணோடுதான் பார்த்தோம். கதிர்காமத் தெய்வத்துக்கான அந்தக் கோயில் கம்பளை இராச்சிய காலத்தில், 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் மரத் தூண்களில் கழுத்தைக் கழுத்தோடு பின்னிய அன்னங்கள் இருக்கின்றன. எந்தக் கழுத்தும் தனியாக நீட்டிக் கொண்டு நிற்கவில்லை. ஒன்றையொன்று தாங்குகிறது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் ஒரு தாயும் அங்கே இருக்கிறாள். பிள்ளை தாயின் உடம்போடு ஒன்றிக் கிடக்கிறது. எங்கள் பெண்கள் அந்தத் தூணுக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள்.

ரெஜிபோம்: முழு அளவுக்கு

மூன்று அடி நீளத்தில் மண் மாதிரி செய்தால் தூக்க முடியாத பாரம். அதற்குத்தான் ரெஜிபோம். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வருவது, மீன் கடைக்கு ஐஸ் போட்டு வருவது, எல்லாமே உதவும். மீன் பெட்டியை நன்றாகக் கழுவிக் காய வையுங்கள்.

இதுவும் நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூரில் நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெள்ளைத் தண்டை வெட்டிக் கோயில் உருக்கள் செய்வார்கள். பாரமே இல்லாத, கத்திக்கு இலகுவாக விட்டுக் கொடுக்கும் தண்டு. அதற்கு இந்தியாவில் 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கும் அதே ஆண்டில்தான் கிடைத்தது.

ரெஜிபோமில் வேலை செய்யும் போது சில விஷயங்களைக் கவனியுங்கள்.

கூரான மெல்லிய கத்தியால் அல்லது இரும்பு வாள் அலகால் வெட்டுங்கள். சுடு கம்பியால் வெட்டினால் வரும் புகை கூடாதது. வெட்டத்தான் வேண்டுமென்றால் வெளியில், காற்றோட்டத்தில் வைத்து வெட்டுங்கள்.

துண்டுகளை ஒட்டத் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும். பெற்றோல் வாசம் அடிக்கும் பசைகளும் எனாமல் பெயின்டும் ரெஜிபோமைக் கரைத்து விடும். அவசரத்துக்கு ஈர்க்குக் குத்தி நிறுத்தலாம்.

அரத்தாளால் தேய்க்கும் போது மூக்கையும் வாயையும் மூடிக் கொள்ளுங்கள். உதிரும் துகள்களைக் கூட்டி எடுத்து விடுங்கள். கோழிகள் அதைத் தீனி என்று கொத்தும். மிச்சத்தை அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள்.

முழு அளவு ரெஜிபோம் மயிலைக் கயிற்றில் கட்டி வாசல் நிலைக்கு மேலே தூக்கிப் பார்த்தோம். கமிட்டித் தலைவர், பூசாரி ஐயா, கொழுந்து நிறுத்து விட்டு வந்த பெண்கள் எல்லோரும் முற்றத்தில் நின்று பார்த்தார்கள். மூன்று விஷயங்கள் உடனே தெரிந்தன. தோகையில் நாங்கள் போட்டிருந்த நுணுக்கமான கண்கள் கீழே இருந்து பார்த்தால் தெரியவே இல்லை. ஆகவே எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துப் பெரிதாக்கினோம். பல நாள் வேலை மிச்சம். மயிலின் கண் சின்னதாக இருந்தது. அதையும் பெரிதாக்கினோம். பலகையைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து வைத்தால்தான் முகம் தெரியும் என்பதும் விளங்கியது.

இன்னொரு நன்மையும் உண்டு. வேலை கொடுப்பவர் மாதிரியைப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகு, "நான் நினைத்தது இது இல்லை" என்று விலையைக் குறைக்க முடியாது. மாதிரியைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அளவு, மரம், விலை, முற்பணம், கொடுக்கும் திகதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். பெண்கள் செய்யும் வேலைக்கு விலை பேசும் போது இது பெரிய பலம். எங்களுக்குப் பாதிப் பணம் முன்னாலேயே கிடைத்தது. அந்தப் பணத்தில்தான் இரண்டாவது பலகை வாங்கினோம். பலா மரத்தை அனுமதி இல்லாமல் தறிக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே பத்திரம் உள்ள மர ஆலையில் மட்டும் வாங்குங்கள்.

மண்ணிலிருந்து மரத்துக்கு

அளவு மாற்றுவது கணக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டுமான வேலை என்று பயப்பட வேண்டாம். சுவாமிமலையில் வெண்கலச் சிலை செய்பவர்கள் தென்னோலைக் கீற்றை மடித்தே சிலையின் அளவுப் பங்குகளைக் குறித்துக் கொள்கிறார்கள். நாங்களும் அப்படியே செய்தோம்.

இரண்டு கடதாசிப் பட்டிகளை எடுங்கள். ஒன்று மண் மாதிரியின் நீளம். மற்றது பலகையின் நீளம். இரண்டையும் சரிபாதியாக மூன்று தரம் மடியுங்கள். விரித்தால் இரண்டிலும் எட்டு எட்டுப் பங்கு இருக்கும். மாதிரியில் அலகு மூன்றாவது மடிப்பில் வந்தால், மரத்திலும் மூன்றாவது மடிப்பில்தான் வரும். உயரத்துக்கும் அப்படியே. இலக்கம் தெரியாத ஒருவர்கூடத் தவறில்லாமல் குறிக்கலாம்.

ஆழத்துக்கு, மண் சட்டத்தின் மேல் ஒரு அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து ஈர்க்கை மண்ணைத் தொடும் வரை இறக்குங்கள். நகத்தால் அடையாளம் வையுங்கள். மூன்றில் ஒன்று மாதிரி என்றால், அந்த ஈர்க்கு நீளத்தைப் போல மூன்று மடங்கு மரத்தில் இறங்க வேண்டும். ஆனால் முதல் நாளே அடி வரை இறங்காதீர்கள். ஒரு நெல்மணித் தடிப்பு மரம் எல்லா இடத்திலும் மிச்சம் இருக்கட்டும். மரத்துக்குள் முடிச்சு வரும், நார் திரும்பும். அப்போது ஒதுங்கிப் போக இடம் வேண்டும்.

அக்காவால் கொட்டாப்புளியை நீண்ட நேரம் பிடிக்க முடியாது. ஆகவே மாதிரி செய்வது, சீப்புக் கோடு போடுவது, மரத்தில் குறிப்பது எல்லாம் அவர் வேலையாயிற்று. மற்ற மூன்று பேர் செதுக்கினார்கள். சந்தேகம் வந்தால் உளியை வைத்து விட்டு அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் கையைப் பற்றி யாரும் பிறகு பேசியதை நான் கேட்கவில்லை.

கள உத்தியோகத்தர்களுக்கு ஒரு வார்த்தை

களிமண் கைக்கு வந்ததும் சிலருக்கு வேறு நினைவுகள் வரும். எங்கள் குழுவில் ஒரு தாய், பூ செய்யச் சொன்ன நாளில் ஒரு முகம் செய்தார். பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு தானே அமுக்கிப் பிசைந்து விட்டார். அடுத்த கிழமையும் அதே முகம். நாங்கள் யார் என்று கேட்கவில்லை, அழகாக இருக்கிறது என்று பாராட்டவும் இல்லை. பக்கத்தில் இருந்தோம். மூன்றாவது கிழமை, "இத வச்சிரவா மிஸ்?" என்று அவரே கேட்டார். வைத்திருக்கிறோம். அதைப் படம் எடுக்கவில்லை, எந்த அறிக்கையிலும் போடவில்லை. நித்திரை இல்லாமை, சாப்பாடு செல்லாமை போன்றவை தொடர்ந்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநல சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும். மண் வேலை மருந்துக்கு ஈடாகாது. ஆனால் பேச்சு வராத நேரத்தில் கைக்கு ஒரு வேலை இருப்பது நல்லது.

இன்று அந்த மயில்

மயில் பலகை இப்போது கோயில் வாசலில் இருக்கிறது. கழுத்தைத் திருப்பித் தன் தோகையைப் பார்த்துக் கொண்டு நிற்கிறது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாகனத்துக்கு முகம் செய்து தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ரெஜிபோம் பெட்டி சேர்த்துக் கொண்டிருக்கிறோம். உடைந்த பழைய பலகையையும் எறியவில்லை. புதிதாக வருபவர்களுக்கு நார் என்றால் என்ன என்று காட்ட அதுதான் எங்கள் பாடப் புத்தகம்.

சென்ற மாதம் நான் இன்னொரு திட்டத்தோடு போனேன். காளான் வளர்ப்பு. தாளில் எல்லாம் எழுதி, செலவு, வரவு, இலாபம் என்று கட்டம் போட்டு வைத்திருந்தேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். அக்கா மட்டும் தாளை இரண்டு தரம் திருப்பிப் பார்த்து விட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு மிஸ். மொதல்ல ஒரு பத்துப் பையில செஞ்சு பாப்பமே. மண்ணுல பாக்கிற மாதிரி."

பத்துப் பைகளில் தொடங்கியிருக்கிறோம்.

சகோதரிகளே, இந்த மாதம் ஒரு பிடி மண்ணைப் பதப்படுத்தி வையுங்கள். கதவுக்கு ஒரு பூவோ, பிள்ளைக்கு ஒரு யானையோ, எதுவானாலும் முதலில் மண்ணில் செய்து, சீப்புக் கோடு போட்டுப் பாருங்கள். மரம் இல்லாதவர்கள் ஒரு கட்டிச் சவர்க்காரத்தில் செதுக்கிப் பழகலாம். சீவல்களையும் துணி துவைக்கப் பாவிக்கலாம். செய்தவற்றைப் பற்றி எழுதி அனுப்புங்கள். பிழைத்துப் போனதைப் பற்றியும் எழுதுங்கள். அதிலிருந்துதான் மற்றவர்கள் அதிகம் படிப்பார்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.